பருத்த பிள்ளையின் மனம்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

‘வாயைக் கட்டத் தெரியாத பிள்ளை.’ உடல் பருமனான குழந்தைமீது முதலில் விழும் பழி இது. உண்மையில் வயிறு நிறைந்ததும் நிறுத்தும் உணர்வு பிறவியிலேயே உண்டு; கைக்குழந்தைகூடப் போதுமானால் தலையைத் திருப்பிக்கொள்ளும். அதை மழுங்கடிப்பது பெரும்பாலும் பெரியவர்களின் பாசம்தான். செல்போனில் கார்ட்டூன் ஓட, கண் அதிலேயே இருக்க, திறந்த வாய்க்குள் ‘இன்னும் ஒரே வாய்’ போய்க்கொண்டே இருக்கிறது. 2000இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், எவ்வளவு பரிமாறினாலும் 3 வயதுப் பிள்ளைகள் ஏறக்குறைய ஒரே அளவே உண்டனர்; 5 வயதினரோ கூடுதலாக வைத்தபோது கூடுதலாக உண்டனர். வயிற்றின் கணக்கைத் தட்டின் கணக்கு வென்றுவிடுகிறது.

‘வசதியான வீட்டுப் பிள்ளை, பூசினாற்போல இருந்தால் என்ன?’ 2009 முதல் 2013 வரை சென்னைப் பள்ளிகளில் மெட்ராஸ் டயாபிடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் சுமார் 19 ஆயிரம் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வில், அதிக எடை அல்லது பருமன் கொண்டவர்கள் தனியார் பள்ளிகளில் 21.4 சதவீதம், அரசுப் பள்ளிகளில் 3.6 சதவீதம். ஆனால் இது வெறும் செழிப்பின் அடையாளம் அல்ல; வசதியோடு தனிமையும் வருவதுண்டு. முடிச்சூர் போன்ற புறநகரில் பெற்றோர் இருவரும் தாம்பரம் போய் மின்சார ரயில் பிடித்து வேலைக்குச் செல்லும் வீட்டில், பள்ளி வேனிலிருந்து இறங்கும் பிள்ளைக்கு அவர்கள் திரும்பும்வரை டிவியும் சிப்ஸ் பாக்கெட்டும்தான் துணை. பிறகு டியூஷன். ‘அழாதே, பப்ஸ் வாங்கித் தரேன்’ என்ற சமாதானமும் சேரும்போது, சலிப்புக்கும் பரீட்சைப் பயத்துக்கும் தின்பண்டமே மருந்து என்று மனம் பழகிவிடுகிறது. பசி இல்லாமலே கை பாக்கெட்டைத் தேடுவது இதனால்தான்.

‘நாலு பேர் கேலி செய்தால் ரோஷம் வந்து இளைப்பான்.’ இந்த நம்பிக்கைகளில் மிகக் கொடியது இதுவே. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து 2019இல் வெளியிட்ட முடிவு நேர் எதிரானது: எடைக்காக மிகுதியாகக் கேலி செய்யப்பட்டவர்கள், கேலிக்கு ஆளாகாதவர்களைவிட ஆண்டுதோறும் 33 சதவீதம் அதிகமாக எடை கூடினர். ‘குண்டு’ என்று பட்டப்பெயர் வாங்கிய பிள்ளை விளையாட்டு பீரியடில் ஓரமாக உட்கார்ந்துவிடும். பந்தயத்தில் கடைசியாக வந்து சிரிப்புக்கு ஆளாவதைவிட அது மேல் என்று நினைக்கும். உறவினர் வீட்டு விசேஷத்தில் ‘என்னடா இப்படி ஊதிட்டே’ என்று அத்தையோ மாமாவோ கேட்பதும் கேலிதான். வீட்டார் வாயிலிருந்து வரும்போது வலி கூடுதல்.

‘குண்டுப் பிள்ளைகள் ஜாலியானவர்கள்.’ சிரிப்பு பல நேரம் உள்ளிருக்கும் சோர்வை மறைக்கும் கேடயம். பருமன் இல்லாத வளரிளம் பருவத்தினரிலும், மனச்சோர்வு இருந்தவர்களுக்கு ஓராண்டில் பருமன் ஏற்படும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு என்று 2002இல் ஓர் அமெரிக்க ஆய்வு கண்டது. சோர்வு பருமனுக்கு முன்னும் வரலாம், பின்னும் வரலாம்.

‘தின்பண்டத்தைப் பூட்டி வைத்தால் சரியாகிவிடும்.’ கண்ணெதிரே வைத்துத் தடுத்த பண்டத்தின்மீது பாலர் வகுப்புப் பிள்ளைகளின் நாட்டம் கூடியதை ஆய்வாளர்கள் ஃபிஷரும் பர்ச்சும் 1999இல் காட்டினர். பூட்டுவதைவிட வாங்காமல் இருப்பது பலன் தரும்.

‘பிள்ளையை மட்டும் டயட்டில் போட வேண்டும்.’ வளரும் வயதில் பலருக்கு எடை குறையவே வேண்டாம்; கூடாமல் நின்றால் உயரம் ஏறும்போது உடல் சமனாகும். தனித் தட்டும் தனிச் சட்டமும் பிள்ளைக்குத் தண்டனையாகவே படும். வீடு முழுவதும் ஒரே சாப்பாட்டுக்கு மாறுவதே சிகிச்சை. ஒளித்து வைத்துத் தின்பது, பள்ளிக்குப் போக மறுப்பது, தன் உடலை வெறுத்துப் பேசுவது ஆகியவை தெரிந்தால் குழந்தை நல மருத்துவரோடு மனநல ஆலோசகரையும் பார்க்க வேண்டும். மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.