மரத்துண்டும் காலணியும்

புதிய சரக்கொன்றை உற்பத்தி செய்ய முற்படுவோர் முதலிற் கேட்கவேண்டிய வினா, அதைச் செய்ய முடியுமா என்பதன்று. செய்தால் அது புழங்குமா என்பதே. பெருமுதல் போடுமுன்னரே இதற்கு விடை காண வழியுண்டு. அமெரிக்காவில் நிகழ்ந்த இரண்டு செய்திகளை இங்கு எடுத்துக்கொள்வோம்.

ஜெஃப் ஹாக்கின்ஸ் என்பார் 1992-இல் பாம் என்னும் கம்பெனியைத் தொடங்கினார். அக்கம்பெனி பங்குகொண்டு 1993-இல் வெளிவந்த ஸூமர் என்னும் கைக்கருவி, பருத்தும் வேகம் குன்றியும் இருந்தமையால் விலைபோகவில்லை. அடுத்த கருவிக்கு அவர் உடனே இயந்திரம் செய்யத் தொடங்கவில்லை. சட்டைப் பையில் அடங்குமாறு ஒரு மரத்துண்டை அறுத்தெடுத்தார். எழுதுகோலுக்குப் பதிலாகச் சீனர் உணவுண்ணும் குச்சியொன்றைச் சீவி வைத்துக்கொண்டார். பொத்தான்களைக் காகிதத்தில் அச்சிட்டு அதன்மேல் ஒட்டினார். எவரேனும் சந்திப்புக்கு நாள் கேட்டால், அம்மரத்துண்டை எடுத்து, குறிப்பெழுதுவதுபோல் தட்டிப் பார்ப்பார். கண்டவர் நகைத்திருக்கக் கூடும். ஆயினும் எக்குறிப்பு அடிக்கடி வேண்டியிருக்கிறது, எத்தனை தட்டலில் அது கிடைக்கவேண்டும், பையிலிருப்பது சுமையாகிறதா என்பனவெல்லாம் செலவின்றியே விளங்கின. 1996-இல் வெளிவந்த பைலட் என்னும் அக்கருவி, இரண்டாண்டுகளுக்குள் பத்து லட்சம் விற்றது.

ஆனால் மரத்துண்டு ஒருவரது பழக்கத்தைச் சோதித்ததேயன்றி, பிறர் பணம் கொடுப்பாரா என்பதைச் சோதிக்கவில்லை. அதற்கு வேறு மாதிரி வேண்டும். இணையத்தின் வழியே காலணி விற்கலாமென 1999-இல் எண்ணிய நிக் ஸ்வின்மர்ன் கிடங்கு பிடிக்கவில்லை. அருகிலிருந்த கடைகளில் காலணிகளைப் படமெடுத்து வெளியிட்டார். ஆர்டர் வந்ததும் அங்கேயே முழு விலைக்கு வாங்கி அனுப்பினார். லாபத்திற்கு இடமில்லை, எனினும், காலிற் போட்டுப் பாராமலே மக்கள் பணம் அனுப்புவர் என்பது தெரிந்துவிட்டது. ஸாப்போஸ் என வளர்ந்த அவ்வியாபாரத்தை 2009-இல் அமேஸான் வாங்கிற்று.

நெசவாள அங்கத்தினர்க்கு இவ்வழி முற்றிலும் புதிதன்று. புது டிசைனுக்கு ஒரு பாவு முழுவதையும் ஒதுக்குமுன், தறியிலிருக்கும் பாவின் கடைசியில் ஊடை நிறத்தை மாற்றி ஒரு முழம் நெய்து பார்க்கலாமே. ஆனால் அத்துண்டை நெய்தவரே மெச்சி மடித்து வைத்தால் பயனில்லை. கடைக்காரர் "நன்றாயிருக்கிறது" என்பதைக் கணக்கில் எழுத வேண்டா. எத்தனை உருப்படிக்கு முன்பணம் தருகிறார் என்பதை எழுதுக. பயிரிடுவோர், புதுரகக் காயை ஐந்து சென்ட்டில் விளைவித்து, விளைச்சலை மட்டும் அளக்காமல், மூன்று நான்கு வாரம் சந்தையில் வைத்து, திரும்பவும் கேட்டு வருவோரை எண்ணுதல் வேண்டும். முதல் வாரத்தில் வாங்குவோருட் பலர் புதுமைக்காகவே வாங்குவர்.