கைவினைஞரும் வங்கிக் கடனும்

நம் கிராமங்களில் உழவுக்கு அடுத்தபடியாகக் குடும்பங்களைத் தாங்கி வருபவை கைத்தொழில்களே. பாய் நெய்வோர், பாண்டம் வனைவோர், விளக்கு வார்ப்போர், கூடை முடைவோர் ஆகியோரிடம் திறமை குன்றிவிட்டது என்று எவரும் சொல்வதில்லை. அவர்கள் முன்னேறாமைக்குக் காரணம் என்னவென்று கேட்டால், கையில் முதல் இல்லை என்ற ஒரே விடைதான் வரும். அந்த முதலை அளிப்பதற்கென்றே இன்று வங்கிகளின் வாயிலாகப் பல கடன் திட்டங்கள் நடைபெறுகின்றன. இருந்தும், கடன் பெற்றவர்களுள் சிலர் தழைக்கிறார்கள். வேறு சிலர் ஓராண்டுக்குள் தவணை தவறி, மீண்டும் வியாபாரியின் வாயிலில் நிற்கிறார்கள். இவ்வேறுபாடு எதனால் உண்டாகிறது? எவ்வளவு கடன் என்பதைப் பற்றி நாம் மிகுதியாகப் பேசுகிறோம். அது எந்த மாதத்தில் கைக்கு வந்து எந்த மாதத்தில் திரும்ப வேண்டும் என்பதைப் பற்றிப் போதிய அளவு பேசுவதில்லை. அதனை இங்கே சற்று விரிவாக ஆராய்வோம்.

முதலில் பழைய நிலையைச் சுருக்கமாக நினைவுகூர்தல் நலம். 1951-52ஆம் ஆண்டில் நடந்த அகில இந்திய கிராமக் கடன் ஆய்வு, உழவர்கள் வாங்கிய கடனில் கூட்டுறவு அமைப்புகள் கொடுத்தது ஏறக்குறைய 3 சதவிகிதமே என்றும், வணிக வங்கிகள் கொடுத்தது 1 சதவிகிதத்தைக்கூட எட்டவில்லை என்றும் கண்டது. நிலமுடைய உழவருக்கே இக்கதி எனில், ஈடுகாட்ட நிலமும் இல்லாத கைவினைஞரைப் பற்றிக் கேட்கவேண்டியதில்லை. 1969 ஜூலை 19ஆம் நாள் 14 பெரிய வங்கிகள் நாட்டுடைமையாயின. 1975இல் வட்டார கிராம வங்கிகளும், 1982இல் நபார்டு வங்கியும் தோன்றின. கைவினைஞருக்கு அளிக்கும் கடன் முன்னுரிமைத் துறைக் கடன்களுள் ஒன்றாகக் கருதப்படலாயிற்று. ஆகவே, வங்கியின் கதவு கைவினைஞருக்குத் திறக்கவில்லை என்று இன்று சொல்வதற்கில்லை.

ஆயினும் வியாபாரியின் பிடி ஏன் தளரவில்லை? திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடைப் பாயை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். தாமிரபரணிக் கரையோரத்தில் விளையும் கோரையைப் பச்சையாக அறுத்து, உலர்த்தி, ஓடும் நீரில் ஊறவைத்து, மறுபடியும் உலர்த்திக் கிழித்து, சாயமேற்றி, பருத்தி அல்லது பட்டு நூலைப் பாவாகக் கொண்டு நெய்கிறார்கள். நயமான பாய் ஒன்றை முடிக்கப் பல வாரங்கள் செல்லும். இத்தொழிலில் ஈடுபட்டோர் பெரும்பாலும் இஸ்லாமியக் குடும்பத்துப் பெண்மணிகள். கோரை அறுவடை ஆண்டு முழுவதும் நடப்பதன்று. செப்டம்பர், அக்டோபரில் ஒரு முறையும், பிப்ரவரி, மார்ச்சில் ஒரு முறையும் நடைபெறும். அப்போது வாங்கி இருப்பு வைத்தவருக்கே நல்ல கோரை நியாய விலையில் கிடைக்கும். மணமக்கள் பெயர்களை நெய்த பாய்களோ திருமண மாதங்களில்தான் மிகுதியாக விற்பனையாகும். செலவு ஒரு காலத்திலும் வரவு வேறொரு காலத்திலுமாக இருப்பதால், இடைப்பட்ட மாதங்களுக்குப் பணம் வேண்டும். அந்த இடைவெளியில்தான் வியாபாரி வந்து அமர்கிறார்.

அவர் வட்டி கேட்பதில்லை. கோரையையும் நூலையும் முன்பணமாகக் கொடுத்து, முடிந்த பாயைத் தமக்கே தரவேண்டும் என்று மட்டும் சொல்லுகிறார். இதனை வட்டியில்லாக் கடன் என்று நெய்பவர்கள் நம்புகிறார்கள். கணக்குக்காக ஒரு தொகையை வைத்துக்கொண்டு பார்ப்போம். வியாபாரி 12,000 ரூபாய் பெறுமானமுள்ள சரக்கை முன்பணமாகக் கொடுக்கிறார்; நான்கு மாதங்களில் 30 பாய்களைப் பெற்றுக்கொள்கிறார்; சந்தை விலையைவிடப் பாய் ஒன்றுக்கு 150 ரூபாய் குறைத்துத் தருகிறார் என்று கொள்வோம். நெய்பவர் இழந்தது 4,500 ரூபாய். 12,000 ரூபாய்க்கு நான்கு மாதத்தில் 4,500 ரூபாய் என்றால், ஆண்டுக்கு 112 சதவிகிதத்துக்கு மேல் ஆகிறது. நம் ஊர்களில் கொடிய வட்டி என்று பெயர் பெற்ற மாதம் நூற்றுக்கு மூன்று ரூபாய் வட்டியும் ஆண்டுக்கு 36 சதவிகிதமே. ஆகவே வட்டியில்லாக் கடனே எல்லாவற்றிலும் விலையுயர்ந்த கடனாக முடிகிறது! (குழுக் கூட்டங்களில் இக்கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டலாம். வீட்டுப் பள்ளிப் பிள்ளைகளையே போடச் சொன்னால் இன்னும் நன்று.)

இனி, இவ்விடைவெளியை நிரப்ப வந்த வங்கிக் கடன் எவ்வாறு அமைகிறது என்று பார்ப்போம். 2023 செப்டம்பர் 17இல் மத்திய அரசு தொடங்கிய பிரதம மந்திரி விசுவகர்மா திட்டம், 18 தொழில்களைச் சேர்ந்தோருக்கு 5 சதவிகித வட்டியில், ஈடின்றி, முதல் தவணையாக 1 லட்சம் ரூபாயும் இரண்டாம் தவணையாக 2 லட்சம் ரூபாயும் வழங்க வகை செய்தது. குடும்பத் தொழிலைச் செய்து வருபவராக இருக்கவேண்டும் என்ற நிபந்தனை குலத்தொழிலில் இளைஞர்களைக் கட்டிப்போடும் என்று கருதிய தமிழ்நாடு அரசு, அதனை அவ்வடிவில் செயற்படுத்துவதில்லை என 2024 நவம்பரில் அறிவித்தது. அதற்கு மாற்றாக 2025 ஏப்ரலில் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கிற்று. இதில் 25 தொழில்கள் இடம்பெற்றன. 35 வயது நிறைந்தோர் எக்குடும்பத்தைச் சேர்ந்தவராயினும் விண்ணப்பிக்கலாம் என்றும், 3 லட்சம் ரூபாய் வரையுள்ள கடனுக்கு 25 சதவிகிதம், உச்சமாக 50,000 ரூபாய், மானியம் உண்டு என்றும் விதிகள் அமைந்தன.

திட்டம் எதுவாயினும், கடன் மாதச் சமதவணையாக வசூலிக்கப்படின் என்ன நேரும் என்பதே நம் கேள்வி. 1 லட்சம் ரூபாயை 5 சதவிகித வட்டியில் 18 மாதங்களில் அடைப்பதெனில், மாதத் தவணை ஏறக்குறைய 5,780 ரூபாய் வரும். புரட்டாசியில் கோரை வாங்கக் கடன் பெற்ற பாய்த் தொழிலாளி, ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மூன்று மாதங்களிலும் தவணை கட்டவேண்டும். அவை மழை மாதங்கள். கோரையும் காயாது, சாயமும் காயாது. மார்கழியில் திருமணமும் இல்லை. ஆதலின் மூன்று தவணைகளுக்குரிய 17,340 ரூபாயை அவர் வாங்கிய கடனிலிருந்தே எடுத்துக் கட்டுகிறார். கடனில் ஆறில் ஒரு பங்குக்கு மேல், ஒரு பாயும் ஆகாமலே திரும்பிப் போய்விடுகிறது. வட்டி மலிவாக இருந்தும் கடன் கைகொடாமல் போவதற்குக் காரணம் இதுவே. தொழிலாளி நாணயமற்றவர் என்று இதற்குப் பொருள் கொள்ளுதல் தகாது.

தறி, சூளை, கடைசல் இயந்திரம் போன்றவற்றுக்குத் தவணைக் கடன் ஏற்றதே. அவை பல ஆண்டுகள் உழைப்பவை. மூலப் பொருளுக்கு வேண்டியது ரொக்கக் கடன். ஓர் உச்ச வரம்பு வரை தேவைப்பட்டபோது எடுத்து, விற்றபோது செலுத்தி, எடுத்த தொகைக்கு எடுத்த நாட்களுக்கு மட்டும் வட்டி கொடுக்கும் முறை இது. இதே நோக்கத்துடன் 2003இல் கைவினைஞர் கடன் அட்டைத் திட்டம் வந்தது. 2015 ஏப்ரலில் தொடங்கிய முத்ரா கடன்களையும் இம்முறையில் பெற வழியுண்டு. மேற்சொன்ன பாய்த் தொழிலாளி 10 சதவிகித வட்டியில் 30,000 ரூபாய் எடுத்து நான்கு மாதம் கழித்துச் செலுத்தினால், வட்டி 1,000 ரூபாய் ஆகும். வியாபாரியிடம் 12,000 ரூபாய்க்கு இழந்த 4,500 ரூபாயோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆனால் ரொக்கக் கடன் கணக்கைத் தூங்கவிடலாகாது. வட்டியளவாவது வரவு வைக்காமல் 90 நாட்கள் கழிந்தால், அது வாராக் கடன் என்று வகைப்படுத்தப்படும்.

தொழிலுக்குத் தொழில் இத்தேவை மாறுபடும். கும்பகோணத்தை அடுத்த நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு வார்ப்போருக்குப் பெருஞ்செலவு பித்தளையே. வியாபாரியின் உலோகத்தில் வேலை செய்தால் எடைக்குக் கூலிதான் மிஞ்சும். விலையேற்றத்தின் பயன் உலோகம் யாருடையதோ அவருக்கே. சொந்தப் பித்தளை வைத்திருந்தால் பயன் தம்முடையதாகும். விலை இறங்கினால் நட்டமும் தம்முடையதே என்பதை மறைக்கவேண்டியதில்லை. எனினும் வார்ப்புப் பிசகினாலும் பித்தளையை உருக்கிக்கொள்ளலாம். நனைந்து அழுகிய கோரையை என்ன செய்வது? சரக்கையே ஈடாகக் கொண்டு கடன் தர வங்கிகள் உலோகத் தொழிலில் தயங்கவேண்டியதில்லை என்பது நம் கருத்து. மண்பாண்டத் தொழிலாளருக்கோ மண்ணுக்கு ஆகும் செலவைவிட மழைக்காலத்துச் சோற்றுக்கு ஆகும் செலவே பெரிது.

இவ்விடத்தில் ஓர் உண்மையைச் சொல்லித்தான் ஆகவேண்டும். வியாபாரி தொழிலுக்கு மட்டும் கொடுப்பதில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும், பெண்ணுக்குத் திருமணம் என்றாலும், இரவிலும் அவர் கதவைத் தட்டலாம். வங்கி அவ்வாறு கொடுக்க இயலாது. தொழிற்கடன் வீட்டுச் செலவில் கரைவது பெரும்பாலும் இத்தகைய நெருக்கடியில்தான். இதற்கு நாம் கண்ட நல்ல மாற்று சுய உதவிக் குழுவின் உள்கடன். தமிழ்நாட்டில் 1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் குழு முயற்சியும், 1992இல் நபார்டு தொடங்கிய குழு-வங்கி இணைப்பும் இதற்கு அடிகோலின. குழுச் சேமிப்பிலிருந்து மருத்துவச் செலவுக்குச் சிறு தொகை கிடைக்குமானால், கோரைக்கு வைத்த பணம் கோரைக்கே போகும்.

மானியத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1980 முதல் நாடெங்கும் நடந்த ஒருங்கிணைந்த கிராம அபிவிருத்தித் திட்டத்தில் மானியத்தோடு கடன் அளிக்கப்பட்டது. மானியத்துக்காகவே கடன் வாங்கியவர் பலர். 1990ஆம் ஆண்டுக் கடன் நிவாரணத்தில் கைவினைஞர், நெசவாளர் ஆகியோரின் 10,000 ரூபாய் வரையுள்ள கடன்களும் தள்ளுபடியாயின. துன்புற்றோருக்கு அது உதவியாயிற்று. ஆனால் ஒழுங்காகக் கட்டியவர் ஏமாளி என்ற எண்ணமும் ஊரில் பரவிற்று. ஆகையால் விண்ணப்பதாரரிடம் மானியம் எவ்வளவு என்று தொடங்காமல், சரக்கு எப்போது வாங்குகிறீர்கள், எப்போது விற்கிறீர்கள் என்று தொடங்குவதே முறை.

ஊராட்சிச் செயலாளர்களும் குழுப் பொறுப்பாளர்களும் விண்ணப்பத்தோடு ஒரு தாளை இணைத்துத் தருதல் வேண்டும். பன்னிரண்டு மாதங்களையும் வரிசையாக எழுதி, ஒவ்வொரு மாதத்துக்கும் சரக்குச் செலவு, வீட்டுச் செலவு, விற்பனை வரவு ஆகியவற்றை எதிரே குறித்தால் போதும். வருவாய் வரும் காலத்தை ஒட்டித் தவணையை அமைக்க வங்கிக் கிளைகளுக்கு இடமுண்டு. மேலாளருக்கு அதற்கான ஆதாரம் கையில் வேண்டும், அவ்வளவே. கைவினைஞர் அடையாள அட்டை, ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம், தொழிற்பதிவுச் சான்று ஆகியவற்றை முன்கூட்டியே சரிபார்த்துக்கொள்ள வேண்டும். பெயரில் ஓர் எழுத்து மாறியிருப்பதாலேயே திரும்பும் விண்ணப்பங்கள் சிலவல்ல. மாவட்டத் தொழில் மையத்திலும் வங்கியிலுமாக விண்ணப்பம் முடிவாகச் சில வாரங்கள் பிடிக்கும். ஆகவே பாய்த் தொழிலாளரைப் பொறுத்தவரை, புரட்டாசி அறுவடைக்கு ஆடியிலும், மாசி அறுவடைக்கு மார்கழியிலும் விண்ணப்பங்கள் வங்கிக்குச் சென்று சேர்ந்திருக்க வேண்டும். அவ்விரண்டும் விற்பனை மந்தமான மாதங்களாதலால், எழுதவும் கையெழுத்து வாங்கவும் ஆட்களும் வீட்டில் இருப்பார்கள்.