டாக்டரிடம் இருக்கும் என் விவரம்

கேள்வி: முப்பது வருடமாக நானும் என் கணவரும் எங்கள் தெரு டாக்டரிடம்தான் பார்க்கிறோம். இருவருக்கும் சுகர், அவருக்கு பிரஷரும் உண்டு. போன மாதம் கிளினிக்கில் ஒரு தாளை நீட்டி, எங்கள் பழைய விவரங்களை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளச் சம்மதம் கேட்டார்கள். மறுக்கச் சங்கடமாக இருக்கிறது. எங்கள் வியாதி ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்று பயமாகவும் இருக்கிறது. எங்கள் சீட்டை வைத்து அப்படி என்ன கண்டுபிடிப்பார்கள்?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, திருமங்கலம்

பதில்: உங்கள் ஒருவர் சீட்டில் ஒன்றும் தெரியாது அம்மா. ஆயிரக்கணக்கில் சேரும்போதுதான் தெரியும். மதுரையிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. கண்புரை அறுவை முடிந்ததும் கண்ணுக்குள் மாக்சிஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தைச் செலுத்தினால், பார்வையையே பறிக்கக்கூடிய உட்கண் தொற்று குறையுமா? அரவிந்த் கண் மருத்துவமனை மருத்துவர்களுக்கு இந்தக் கேள்வி இருந்தது. அந்தத் தொற்று ஆயிரத்தில் ஒருவருக்குக்கூட வருவதில்லை. சில நூறு பேரைப் பார்த்து விடை சொல்ல முடியாது. அதனால் 2014 முதல் 2016 வரை தங்கள் மருத்துவமனைகளில் நடந்த ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகளின் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். மருந்து செலுத்தாதவர்களில் பத்தாயிரத்துக்கு ஏழு பேருக்குத் தொற்று. செலுத்தியவர்களில் இரண்டு பேருக்கு. 2017-ல் அதை வெளியிட்டார்கள். அன்றாடம் எழுதி வைத்ததே அந்த ஆய்வுக்குப் போதுமானதாக இருந்தது.

அது பெரிய மருத்துவமனை. தெரு டாக்டரால் என்ன முடியும் என்று கேட்பீர்கள். இங்கிலாந்தில் வில்லியம் பிக்கிள்ஸ் என்ற கிராம வைத்தியர், எந்த வீட்டில் யார் எந்தத் தேதியில் படுத்தார் என்று வருடக்கணக்கில் குறித்துவைத்தார். தொற்று மஞ்சள்காமாலை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவி வெளிப்பட ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும் என்பதை அந்தக் குறிப்புகளிலிருந்தே கண்டார். 1939-ல் புத்தகமாகவும் எழுதினார். எனக்கு மிகவும் பிடித்த மருத்துவர் அவர்.

ஆனால் அங்கே இல்லாத ஒரு சிக்கல் நமக்கு உண்டு. பிரிட்டனில் ஏறக்குறைய எல்லோரும் ஒரு குடும்ப மருத்துவரிடம் பெயர் பதிந்திருப்பார்கள். நோய் வந்தவர் எத்தனை பேர், வராதவர் எத்தனை பேர் என்ற இரண்டு கணக்கும் கிடைக்கும். 1987 முதல் அந்தப் பதிவுகளைப் பெயர் நீக்கித் தொகுத்து ஆராய்கிறார்கள். நீங்களோ காய்ச்சலுக்குத் தெரு டாக்டர், கண்ணுக்கு அரவிந்த், அவசரமென்றால் பெரியாஸ்பத்திரி என்று போவீர்கள். சீட்டெல்லாம் வீட்டில் ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் கிடக்கும். உங்கள் உடம்பின் முழுக்கதை அந்தக் கவரில்தான் இருக்கிறது, எந்தக் கம்ப்யூட்டரிலும் இல்லை.

கிளினிக் பதிவில் வந்தவர்தான் இருப்பார். வராதவர் இருக்கமாட்டார். அழகர் ஆற்றில் இறங்கும் திருவிழா வாரத்தில் கிளினிக்குக்கு வரும் சுகர் நோயாளிகள் குறைந்தால், ஊருக்கே சுகர் இறங்கிவிட்டது என்று எழுத முடியுமா? கூலி வேலைக்குப் போகிறவர் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு மாத்திரை வாங்க வருவது கஷ்டம். சுகர், பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை 2021 ஆகஸ்டில் அரசு தொடங்கியதன் நியாயம் இதுதான். உங்கள் டாக்டரின் ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவதும் இதுதான்: மூன்று மாதம் வராமல் நின்றவர்கள் யார், ஏன் நின்றார்கள் என்றும் பார்க்கிறார்களா என்று கேளுங்கள்.

உங்கள் பயம் நியாயமானது. பெயர், போன் நம்பர், ஆதார் மூன்றையும் நீக்கினால் மட்டும் போதாது. சின்ன ஊரில் தெருப் பெயரும் வயதும் தொழிலும் சேர்ந்திருந்தால் ஆள் யாரென்று டீக்கடையிலேயே சொல்லிவிடுவார்கள். தெருவுக்குப் பதில் வட்டம், பிறந்த தேதிக்குப் பதில் வயதுப் பிரிவு என்றுதான் வெளியே போக வேண்டும். மருத்துவ ஆய்வுகளுக்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டி. ஒப்புதல் வாங்கியிருக்கிறார்களா, விவரம் யாரிடம் இருக்கும், மருந்துக் கம்பெனி யாராவது கேட்டால் கொடுப்பார்களா என்று விசாரியுங்கள். நேரான பதில் வந்தால், நானாக இருந்தால் கையெழுத்துப் போடுவேன். மறுத்தாலும் உங்கள் வைத்தியத்தில் ஒரு குறையும் வரக்கூடாது. பின்னால் மனம் மாறினால் விலகிக்கொள்ளலாம். இந்த இரண்டும் அந்தத் தாளில் அச்சாகியிருக்க வேண்டும். உங்கள் கணவர் சம்மதத்தை அவரிடம் தனியாகக் கேட்கச் சொல்லுங்கள். கையெழுத்திட்ட தாளின் நகலை வாங்கி, சீட்டுகள் இருக்கும் அதே கவரில் வையுங்கள்.