சிறுசெலவில் ஒரு சீட்டுப்படை

மேஜிக் த கேதரிங் என்னும் சீட்டாட்டம் ரிச்சர்டு கார்பீல்டு என்பவரால் இயற்றப்பெற்று 1993-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்தது. ஆடுவோர் 60 சீட்டுகளுக்குக் குறையாத கட்டொன்றைத் தாமே அமைத்து வருதல் வேண்டும். அருஞ்சீட்டுகள் பலவற்றின் விலையோ மாணாக்கர் கைக்கு எட்டுவதன்று. ஆதலின் நாம் டோக்கன் வழியை ஆராயப் புகுந்தோம்.

டோக்கனாவது, கட்டில் இல்லாது வேறொரு சீட்டின் ஆணையால் களத்தில் தோன்றும் உயிர். 'ரெய்ஸ் தி அலாரம்' என்னும் மலிந்த சீட்டு, நிலச்சீட்டுகள் இரண்டின் ஆற்றலைக் கொண்டு போர்வீரர் இருவரை எழுப்பும். ஒவ்வொருவனுக்கும் வலிமை ஒன்று, தாங்குதிறன் ஒன்று. தனித்து நோக்கின் அற்பரே. 'இன்டேஞ்சிபிள் வெர்ச்சூ' வந்தமர்ந்தால் அவ்விரண்டும் இரட்டிக்கும். தாக்கிய பின்னரும் அவர் காவலுக்கு நிற்பர். 2012-இல் இன்னிஸ்ட்ராட் தொகுதிப் போட்டிகளில் இச்சீட்டு விலக்கப்பட்டதெனின் அதன் பெருமையைச் சொல்லவும் வேண்டுமோ!

இதில் மயங்கி நாம் முதலில் வலிமையூட்டும் சீட்டுகளையே மிகுதியாகச் சேர்த்துத் தோற்றோம். வீரரில்லா வெறுங்களத்தில் அவை யாருக்கு ஊட்டும்? பின்னர் நிலம் 22, வீரரை எழுப்புவன 28, ஊட்டுவன 10 என மாற்றினோம்.

எஞ்சியது ஓர் அச்சம். மாற்றான் 'டே ஆப் ஜட்ஜ்மென்ட்' இடின் களத்திலுள்ள உயிரனைத்தும் ஒருங்கே மாளும். ஆகவே கையிலுள்ள யாவற்றையும் கொட்டிவிடலாகாது. ரெய்ஸ் தி அலாரம் மாற்றான் முறையிலும் இடத்தக்கது. அவன் படையை அழித்த அம்முறையின் ஈற்றிலேயே இருவரை எழுப்பி, நம் முறை வந்தவுடன் தாக்கலாம்.