தலைக்காயத்திற்குப் பின் தறிக்குத் திரும்புதல்

கால் முறிந்த அங்கத்தினரைத் தறிக்குழியில் இறங்கச் சொல்ல எவருக்கும் மனம் வராது. தலையில் அடிபட்டு மூளை பாதிக்கப்பட்டவர் விஷயம் வேறு. புண் ஆறிவிட்டது, பேச்சும் தெளிவாயிருக்கிறது. ஆயினும் ஒரு மணி நேரம் நெய்வதற்குள் களைத்துப்போகிறார். இழைக் கணக்குத் தவறுகிறது. அற்பக் காரியத்திற்கு எரிந்து விழுகிறார். இதற்குச் சோம்பல் என்றும் குணக்கேடு என்றும் நாம் பெயரிட்டுவிடுகிறோம்.

1848-ஆம் ஆண்டு செப்டம்பர் 13-ஆம் தேதி, அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் இருப்புப்பாதைக்காகப் பாறை பிளக்கும் வேலையில், பினியஸ் கேஜ் என்னும் 25 வயது மேஸ்திரியின் கன்னத்தில் பாய்ந்த இரும்புக் கம்பி உச்சந்தலை வழியே வெளியேறிற்று. கம்பியின் எடை 13 ராத்தலுக்கு மேல். அவர் பிழைத்தார். உடல் தேறிப் பழைய வேலையைக் கேட்டபோது, முன்னர் அவரை மிகத் திறமைசாலியென மதித்த குத்தகைக்காரர்களே மறுத்துவிட்டனர். பொறுமை போயிற்று, எடுத்த முடிவில் நிற்பதில்லை என்று மருத்துவர் ஹார்லோ எழுதிவைத்தார். பாடநூல்கள் பெரும்பாலும் கதையை இத்துடன் முடித்துவிடுகின்றன.

நமக்கு வேண்டியதோ பிற்பகுதி. கேஜ் ஒரு குதிரைலாயத்தில் ஒன்றரை ஆண்டு வேலை செய்தார். 1852-இல் சிலி நாடு சென்று, பல ஆண்டுகள் பயணிகள் வண்டி ஓட்டினார். நாள்தோறும் அதே பாதை, அதே நேரம், வரிசை மாறாத வேலை; இவ்வொழுங்கே அவரைத் தேற்றியிருக்கக்கூடும் என்பது ஆராய்ச்சியாளர் மால்கம் மக்மில்லனின் கருத்து. எனினும் 1860-இல் அவர் வலிப்புக் கண்டு இறந்தார். எனவே, மருத்துவர் அனுமதிக்கும்வரை கிணற்றடி, மரமேறுதல், டிராக்டர், விசைத்தறி இவற்றிலிருந்து விலகியிருப்பது விவசாயிக்கும் நெசவாளிக்கும் அவசியம்.

தறிக்குத் திரும்புவோர் முதலில் தார் சுற்றட்டும். பின்பு காலை வேளையில் சிறிது நேரம் சாதாரணத் துணி நெய்து, இடையே ஓய்வெடுக்கலாம். புட்டாவும் கோர்வைக் கரையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தலைவலி கூடினால் அன்றைய வேலையைக் குறைத்து, மறுநாள் முந்தைய அளவிலிருந்தே தொடங்குதல் நன்று. தலைவலியோ குழப்பமோ வரவர மிகுந்தாலும், வாந்தி கண்டாலும், தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். கணக்கை மனத்தில் வைக்காமல் சுவரில் கோடிட்டு வருவது பெரிதும் உதவும்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு, பணிக்காலத்தில் ஊனமுற்ற ஊழியரை அரசு நிறுவனம் நீக்கவோ பதவி இறக்கவோ கூடாதென்கிறது. வீட்டுத்தறியில் கூலிக்கு நெய்பவருக்கு இக்காப்பு எட்டுவதில்லை. அவருக்குப் பாவு தருவதும் நிறுத்துவதும் சங்கமே. ஆகவே, இத்தகைய அங்கத்தினருக்குக் குறைந்த நீளப் பாவு, நீண்ட தவணை, சில மாதங்களுக்குப் பழுதுப் பிடித்தமின்மை ஆகியவற்றை நிர்வாகக் குழு தீர்மானமாகவே எழுதி வைக்கவேண்டும். குழு மாறினால் வாய்ச்சொல் நிற்காது.