நரியைப் பரியாக்க யார் வருவார்?

தம்பி தங்கைகளே, குதிரை வாங்கக் கொண்டுபோன பணத்தை மாணிக்கவாசகர் திருப்பெருந்துறையில் கோயில் பணிக்குச் செலவழித்தார். நரிகளைப் பரிகளாக்க இறைவனே வந்தான். லாயத்தில் வேலை செய்யும் எனக்கு யார் வருவார்?

ஞாயிறுதோறும் வீடு வீடாகத் தேவாரப் புத்தகம் கொடுக்கிறோம். குளம்பு திருத்த 6 முதல் 8 வாரம், ஆண்டுக்கொரு முறை பல் பரிசோதனை, டெட்டனஸ் ஊசி. இவற்றை நாள்காட்டியில் குறித்துவிட்டு மற்ற நாளில் புத்தகம் எடுக்கலாம். வயிற்றுவலிதான் நாள் பார்த்து வராது.

ஒரு ஞாயிறு காலையில் குதிரை தீனியைத் தொடல. வயிற்றையே திரும்பிப் பார்த்து, காலால் தரையைக் கீறுது. நாடி நிமிடத்துக்கு 60. ஓய்வில் 28 முதல் 44தான் இருக்கணும். டாக்டருக்குப் போன் போட்டேன். புத்தகப் பெட்டிகளோ என் வீட்டில், பூட்டிக் கிடந்தன! அன்று யாருக்கும் புத்தகம் போகவில்லை.

இப்போது பெட்டிச் சாவியும் வீட்டுப் பட்டியலும் இரண்டு பேரிடம் இருக்கு.