கேட்டுத் தெரிந்து தொடங்குவோம்
தோட்டத்தில் தேவை மதிப்பீடு செய்வது எப்படி?



ஒரு தோட்டத்தில் புதிதாக ஒரு சமூக நல வேலைத்திட்டம் தொடங்கப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். கையில் கொஞ்சம் பணமும், ஒரு வருசத்துக்கு ஒரு உத்தியோகத்தரும் கிடைக்கிறார்கள். உடனே ஆளுக்கொரு யோசனை வரும். தலைவர் மண்டபம் வேணும் என்பார். வாலிபர்கள் விளையாட்டு மைதானம் என்பார்கள். தோட்டத்து ஒபிசில் புள்ளைக்காம்பராவுக்குக் கூரை மாற்ற வேணும் என்பார்கள். எல்லாமே நல்ல காரியந்தான். ஆனால் காசு ஒன்றுக்குத்தான் காணும். அப்படியானால் எதை முதலில் செய்வது?

யார் சத்தமாகப் பேசுகிறாரோ அவர் சொன்னதைச் செய்வது ஒரு வழி. எல்லாரிடமும் முறையாகக் கேட்டு, கண்ணால் பார்த்து, கணக்குப் போட்டு முடிவு செய்வது இன்னொரு வழி. இந்த இரண்டாவது வழிக்குத்தான் தேவை மதிப்பீடு என்று பெயர். இதைச் செய்யப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. ஒரு கொப்பி, ஒரு பேனை, பொறுமை இருந்தால் நம்ம பிள்ளைகளே செய்யலாம். எப்படி என்று படிப்படியாகப் பார்ப்போம்.

1. தேவை நாலு விதம்

இங்கிலாந்தைச் சேர்ந்த ஜொனதன் பிராட்ஷோ என்பவர் 1972இல் தேவையை நாலாகப் பிரித்துக் காட்டினார். உலகம் முழுக்க சமூக சேவை படிக்கிறவர்கள் இன்றைக்கும் இதைப் படிக்கிறார்கள். நம்ம தோட்டத்துக்கும் இது பொருந்தும்.

முதலாவது, விசயம் தெரிந்தவர்கள் சொல்லும் தேவை. பிள்ளையின் நிறை குறைவு என்று மருத்துவமாது நிறுத்துப் பார்த்துச் சொல்வது இந்த வகை. தாய்க்கு அது தெரியாமலும் இருக்கலாம்.

இரண்டாவது, மனசுக்குள் இருக்கும் தேவை. இருட்டில் கக்கூசுக்குப் போகப் பயப்படும் பெண் பிள்ளை அதை யாரிடமும் சொல்லியிருக்க மாட்டாள்.

மூன்றாவது, வாய்விட்டுக் கேட்ட தேவை. கடிதம் எழுதினது, தலைவரிடம் சொன்னது, ஒபிசில் போய் நின்றது எல்லாம் இதுதான்.

நாலாவது, மற்ற இடத்தோடு ஒப்பிட்டால் தெரியும் தேவை. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுக்க நூற்றுக்கு 17 பேர் அளவில் இருந்தார்கள். தோட்டப்புறத்தில் மட்டும் பார்த்தால் அது நூற்றுக்கு 32 பேர் அளவு. நம்ம பிள்ளைகளை லயத்துப் பிள்ளைகளோடு மட்டும் ஒப்பிட்டால் இந்த வித்தியாசம் கண்ணுக்குப் படாது. "நம்ம பிள்ளைக எல்லாம் இப்படித்தான்" என்று விட்டுவிடுவோம்.

பொதுவாகத் தோட்டத்தில் மூன்றாவது வகை மட்டுந்தான் காதில் விழும். கேட்கத் தைரியம் உள்ளவருக்குக் கிடைக்கும், மற்றவருக்கு இல்லை. நல்ல மதிப்பீடு நாலையும் தேடும்.

2. எதைத் தீர்மானிக்கப் போகிறோம்?

வேலையைத் தொடங்குமுன் கொப்பியின் முதல் பக்கத்தில் ஒரு வசனம் எழுதுங்கள். "இந்த மதிப்பீடு முடிந்ததும் நாங்கள் தீர்மானிக்க வேண்டியது இது" என்று தொடங்கட்டும். எந்த டிவிசன், எவ்வளவு பணம், எவ்வளவு காலம், முடிவு எடுப்பது யார் என்று எழுதுங்கள். இது தெளிவில்லாவிட்டால் கேள்வி நூறு கேட்போம், பதில் ஒன்றும் உதவாது.

ஒரு சின்னக் குழு போடுங்கள். ஏழெட்டுப் பேர் போதும். பாதிப்பேர் பெண்களாக இருக்க வேணும். கொழுந்து எடுக்கிறவர், வயசாகி வேலையை விட்டவர், படித்து முடித்த பிள்ளை, மாதர் சங்கத்தில் ஒருவர் என்று சேருங்கள். தோட்ட நிர்வாகத்திடமும் தலைவர்மாரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

3. இருக்கிற கணக்கை முதலில் பாருங்கள்

ஏற்கெனவே எழுதி வைத்திருப்பதை மறுபடி கேட்டு சனங்களின் நேரத்தை வீணாக்கக் கூடாது. மருத்துவமாதுவிடம் பிள்ளைகளின் நிறைக் கணக்கு இருக்கும். பாடசாலையில் வரவு, இடைவிலகல் கணக்கு இருக்கும். கிராம சேவகரிடம் வாக்காளர் பெயரும், பிரதேச செயலகத்தில் அஸ்வெசும கொடுப்பனவு விபரமும் இருக்கும். தனியாள் பெயர் கேட்காமல் மொத்த எண்ணிக்கையை மட்டும் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அரச காரியாலயங்களிடம் எழுத்தில் கேட்கவும் முடியும்.

தோட்டத்து செக்ரோல் மட்டும் போதாது. அதில் பேர் பதிந்தவர் மட்டுமே இருப்பார். பென்சன் வயசுக்காரர், கைக்காசுக்குப் போகிறவர், கொழும்பில் கடையில் நிற்கும் பையன், வெளிநாடு போன தாயின் பிள்ளையை வளர்க்கும் பாட்டி, வலது குறைந்தவர் எல்லாரும் அதற்கு வெளியே நிற்கிறார்கள். பல நேரம் அவர்களுக்குத்தான் உதவி கூடுதலாகத் தேவை.

4. படம் போடுங்கள்

பெரட்டுக்களத்தில் அல்லது கோயில் முன்னால் தரையில் நம்ம டிவிசனின் படத்தை வரையுங்கள். லயத்துக்குக் கல், பீலிக்குப் போத்தல் மூடி, பாதைக்குச் சாம்பல், கக்கூசுக்குத் தேயிலைக் கொட்டை. எழுதப் படிக்கத் தெரியாதவரும் குனிந்து வைக்கலாம். இந்த முறையை ரொபர்ட் சேம்பர்ஸ் போன்றவர்கள் 1990களில் பல நாடுகளிலும் பரப்பினார்கள்.

ஆண்கள் ஒரு படம், பெண்கள் ஒரு படம் என்று தனித்தனியாகப் போடச் சொல்லுங்கள். ஆண்கள் கோயில், தவறணை, கடை, மைதானம் என்று வைப்பதையும், பெண்கள் தண்ணி வராத பைப், வழுக்குகிற படிக்கட்டு, லைட் இல்லாத பாதை என்று வைப்பதையும் பார்க்கலாம். இரண்டு படத்தையும் கொப்பியில் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

மலைச்சரிவில் வெடிப்பு, புதிதாகக் கசியும் ஊற்று, சாய்ந்த மரம் இருந்தால் அதையும் குறியுங்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்க முடியாது. அந்த இடம் ஆபத்து என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. தேவையைக் கண்டுபிடிப்பது பாதி வேலைதான், அதன் பேரில் நடவடிக்கை எடுப்பதுதான் மீதி. இப்படி ஒன்று தெரிந்தால் மதிப்பீடு முடியும்வரை காத்திருக்காதீர்கள். அன்றைக்கே கிராம சேவகரிடம் சொல்லுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்துக்கும் அழையுங்கள்.

5. எந்த வீடுகளுக்குப் போவது?

எல்லா வீட்டுக்கும் போக முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் ஒழுங்காகத் தெரிவு செய்ய வேணும். உதாரணத்துக்கு, ஒரு டிவிசனில் 10 லயம், லயத்துக்கு 12 குடும்பம், மொத்தம் 120 குடும்பம் என்று வையுங்கள். 30 வீடு பார்ப்பது என்றால் நாலுக்கு ஒன்று. 1 முதல் 4 வரை துண்டில் எழுதிக் குலுக்குங்கள். 3 வந்தால் 3ஆவது வீடு, 7ஆவது, 11ஆவது என்று போகலாம். எல்லா லயத்திலிருந்தும் மூன்று வீடு வந்துவிடும். தனி வீடு, தற்காலிகக் குடிசை இருந்தால் அவற்றையும் வரிசையில் சேர்த்த பிறகுதான் எண்ண வேணும்.

தெரிவான வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டுக்குப் போய்விடாதீர்கள். பகலில் பூட்டியிருப்பது மலைக்குப் போன குடும்பத்தின் வீடு. அதை விட்டுவிட்டால் வீட்டில் இருக்கிறவர்களின் கஷ்டம் மட்டுந்தான் கணக்கில் வரும். சாயந்தரம் மறுபடி போங்கள்.

நேரமும் முக்கியம். நாலரைக்கு மலையிலிருந்து வந்த தாய் தண்ணி எடுக்க வேணும், அடுப்பு மூட்ட வேணும், பிள்ளையைக் குளிப்பாட்ட வேணும். அந்த நேரம் போய் நிற்காதீர்கள். ஞாயிறு, போயா நாள் நல்லது. சம்பள வாரத்தை விட்டுவிடுங்கள்.

6. யார் கேட்பது, எப்படிக் கேட்பது?

கங்காணியோ கணக்கப்பிள்ளையோ கேட்டால் சனங்கள் உள்ளதைச் சொல்லத் தயங்குவார்கள். படித்த பிள்ளைகள் இரண்டு பேராகப் போகட்டும், ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். சொந்த லயத்தை விட்டு வேறு லயத்துக்கு அனுப்புங்கள். ஒரு சோடி ஒரு நாளில் மூன்று வீடு பார்த்தால் 30 வீட்டை இரண்டு சோடி ஐந்து நாளில் முடிக்கும்.

கேள்வி 12க்கு மேலே வேண்டாம். "தண்ணிப் பிரச்சினை இருக்கா?" என்று கேட்டால் எல்லாரும் "இருக்கு" என்பார்கள். அதிலே ஒன்றும் விளங்காது. இப்படிக் கேளுங்கள்:

- நேத்து தண்ணி எடுக்க எத்தனை தடவை போனீங்க? யார் போனது? ஒரு தடவைக்கு எவ்வளவு நேரம்?
- போன மாசம் யாருக்காவது சுகமில்லாம போச்சா? எங்க கூட்டிட்டுப் போனீங்க? போக வர எவ்வளவு செலவு?
- போன வாரம் பிள்ளை பள்ளிக்கூடம் போகாத நாள் எத்தனை? ஏன்?
- பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை இல்லாதவங்க வீட்டில இருக்காங்களா?
- கடன் வாங்கினா எங்க வாங்குவீங்க? கட்ட முடியாம போனா என்ன செய்வீங்க?
- ஒரு கஷ்டம் வந்தா முதல்ல யார்கிட்ட போவீங்க?

கடைசிக் கேள்வி அருமையான கேள்வி. தோட்டத்தில் இல்லாததை மட்டும் எண்ணாமல் இருப்பதையும் அது காட்டும். மரண உதவிச் சங்கம், சீட்டு, கோயில் கமிட்டி, நல்ல மனசுள்ள ஒரு அக்கா, இவையெல்லாம் புதிய வேலைத்திட்டத்துக்குத் தூண்கள்.

முதலில் மூன்று வீட்டில் கேட்டுப் பழகுங்கள். விளங்காத கேள்வியைத் திருத்துங்கள்.

7. கை தூக்கினால் போதுமா?

ஒரு கூட்டத்துக்கு ஆண்கள் 40 பேரும் பெண்கள் 12 பேரும் வந்தார்கள் என்று வையுங்கள். மண்டபத்துக்கு 36 கை, கக்கூசுப் பாதைக்கு லைட் போட 16 கை. மண்டபம் வென்றது என்று எழுதி முடித்துவிடலாம். ஆனால் பிரித்துப் பாருங்கள். மண்டபத்துக்குத் தூக்கின 36ம் ஆண்கள். லைட்டுக்கு ஆண்கள் 4 பேர், வந்திருந்த பெண்கள் 12 பேருமே. டிவிசனில் பாதிப்பேர் பெண்கள். அவர்கள் அத்தனை பேரும் ஒரே சொல்லாகச் சொன்னது கூட்டத்தில் தோற்றுவிட்டது.

ஆகவே பெண்கள், ஆண்கள், வாலிபர், முதியோர் என்று தனித்தனியாகக் கூட்டுங்கள். ஐந்தாறு டின்னில் தேவைகளைப் படமாக ஒட்டி, ஆளுக்கு மூன்று பயற்றங்கொட்டை கொடுத்து, மறைவாகப் போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு கூட்டத்தின் கணக்கையும் தனியாக எழுதுங்கள்.

8. இரகசியம் காப்பாற்றுவோம்

கேட்கும்போது அடி, குடி, கடன், பிள்ளைகளுக்கு நடந்த கொடுமை என்று சில விசயங்கள் வெளியில் வரும். பதில் தாளில் பெயர் எழுதாதீர்கள், இலக்கம் போடுங்கள். மற்ற லயத்தில் போய்ப் பேசாதீர்கள். பதில் சொல்ல விருப்பமில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள். ஒரு பிள்ளைக்கோ பெண்ணுக்கோ ஆபத்து என்று தெரிந்தால் அது மதிப்பீட்டோடு முடிகிற விசயமில்லை. பிள்ளைகளுக்கு 1929, பெண்களுக்கு 1938 என்ற இலக்கங்களில் உதவி கேட்கலாம்.

"இதைக் கட்டித் தருவோம்" என்று எந்த வீட்டிலும் வாக்குக் கொடுக்காதீர்கள். "கேட்டுட்டுப் போறாங்க, ஒண்ணும் வராது" என்ற பேச்சு நம்ம தோட்டங்களில் பழைய பேச்சு. அதற்கு இன்னொரு காரணம் சேர்க்க வேண்டாம்.

9. தீர்மானம் எடுப்பது

கிடைத்த தேவைகளை வரிசையாக எழுதி ஒவ்வொன்றுக்கும் நாலு கேள்வி கேளுங்கள். எத்தனை பேருக்கு இது? செய்யாவிட்டால் கேடு எவ்வளவு? இருக்கிற பணத்தில் முடியுமா? இதைச் செய்யக் கடமைப்பட்டவர் வேறு யாராவது உண்டா?

நாலாவது கேள்வியை விடாதீர்கள். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டத்துக்குள் சபை வேலை செய்யத் தடங்கலாக இருந்தது. 2018இல் அது திருத்தப்பட்டது. ஆகவே பாதை, லைட் போன்றவற்றுக்கு மதிப்பீட்டுக் கணக்கோடு பிரதேச சபைக்கும் எழுதலாம். நம்ம பணத்தை வேறு யாரும் செய்யாத காரியத்துக்கு வைக்கலாம்.

10. திருப்பிச் சொல்லுங்கள்

முடிவு வந்ததும் ஒரு பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி புள்ளைக்காம்பரா சுவரிலும் கொழுந்து மடுவத்திலும் ஒட்டுங்கள். என்ன கேட்டோம், என்ன சொன்னீர்கள், எதை எடுத்தோம், எதை எடுக்கவில்லை, ஏன் என்று ஐந்து விசயமும் அதில் இருக்க வேணும். ஒரு கூட்டம் வைத்து வாசித்தும் காட்டுங்கள். "இது எங்க லயத்துல சரியில்ல" என்று ஒருவர் சொன்னால் திருத்துங்கள். இந்தக் கணக்கைப் பத்திரமாக வைத்தால், ஒரு வருசம் கழித்து அதே கேள்வியைக் கேட்டு மாற்றம் வந்ததா என்று பார்க்கலாம்.

மொத்தம் ஆறு கிழமை போதும். முதல் கிழமை குழு, இரண்டாவது பழைய கணக்கும் படமும், மூன்றாவது கேள்வி பழகுதல், நாலாவது வீடுகள், ஐந்தாவது கூட்டங்கள், ஆறாவது தீர்மானமும் திருப்பிச் சொல்லுதலும்.

வீட்டுப் பயிற்சி

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் லயத்தில் மூன்று பேரிடம் பேசுங்கள். ஒருவர் மலைக்குப் போகும் தாய், ஒருவர் வேலையை விட்ட பெரியவர், ஒருவர் பள்ளிக்கூடத்தை விட்ட பிள்ளை. "நேத்து காலையில இருந்து ராத்திரி வரைக்கும் என்ன செஞ்சீங்க?" என்று மட்டும் கேளுங்கள். இடையில் பேசாமல் கேட்டு எழுதுங்கள். மேலே சொன்ன நாலு விதத் தேவையில் எது எது அதில் இருக்கிறது என்று குறியுங்கள். வாசிக்கத் தெரியாத வீட்டாருக்கு இந்தப் பாடத்தை வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் சொல்லுவதுதான் அடுத்த வேலைத்திட்டத்துக்கு அத்திவாரம்.